விட்டத்தடியில் ஆழ்வார்குறிச்சி

விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான் என்று சோம்பேறிகளைத் திட்டுவது நம் ஊர் வழக்கம். வடிவம்மாள் டீச்சர் தம்முடைய முப்பத்தொரு வருஷக் கணக்கு வகுப்புகளில் எத்தனையோ பிள்ளைகளை இப்படித் திட்டியிருக்கிறார். அறுபத்து நாலாவது வயதில் அவரே கட்டிலில் மல்லாந்து விட்டத்தைப் பார்த்துக் கிடக்க நேர்ந்தபோதுதான், பார்ப்பதற்கு அங்கே இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார்.

திருநெல்வேலி டவுணில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு முடுக்கில் அவர்கள் வீடு. அகலம் குறைவு, நீளம் அதிகம். ஹாலின் மேலே பதினொரு தேக்கு விட்டங்கள். விட்டங்களுக்கு ஒரு முழம் கீழே, நாலு சுவரையும் சுற்றிப் பலகைத் தட்டு. தட்டில் டீச்சருக்குப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. சருவம், தவலை, குத்துப்போணி, தூக்குவாளி என்று ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கலாம். சமைத்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன்னால் இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, மறுபடி ஏற்றி வைப்பதோடு சரி.

அப்படி இறக்கப் போன இடத்தில்தான் வினை. போகிக்கு முந்தின நாள், ஆள் வரட்டும் என்று வீட்டுக்காரர் அம்மையப்பன் சொல்லச் சொல்ல, "எங்க வீட்டுப் பாத்திரத்த எறக்க எனக்கு ஆள் வேணுமாக்கும்" என்று டீச்சர் ஸ்டூலில் ஏறினார். தவலை பத்திரமாக அவர் மடியில் வந்து விழுந்தது. அவர்தான் பத்திரமாக விழவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாளே வாக்கரைக் கையில் கொடுத்து நிற்கச் சொன்னார்கள். டீச்சர் நின்றார். நின்ற அரை நிமிஷத்தில் முழங்கால் நடுங்கி, காலுக்குக் கீழே தரையே இல்லாதது போல் ஆகிவிட்டது. உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலிலிருந்து பக்கத்தில் போட்ட நாற்காலிவரை இரண்டு எட்டு, அதுவும் அம்மையப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு. அதற்கு மேல் யார் கேட்டாலும், இன்றைக்கு வலி ஜாஸ்தி, நேற்று தூக்கம் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம். வாக்கர் மூலையில் நின்றது. அதில் துண்டு காயப் போட்டிருந்தார்கள்.

வலி அவ்வளவாக இல்லை. உண்மையைச் சொன்னால், டீச்சருக்குப் பயம். முப்பத்தொரு வருஷம் பிரம்பு இல்லாமலே பயமுறுத்திய மனுஷிக்குத் தரையைப் பார்த்துப் பயம் என்பதை அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் பிசியோதெரபிக்கு சபீதா வருவாள். ரவணசமுத்திரத்துப் பெண். ஆழ்வார்குறிச்சியில் டீச்சரிடம் பத்தாம் வகுப்பு படித்து, கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியவள். அந்த நாற்பத்தொன்றை இரண்டு பேருமே மறக்கவில்லை.

"காலை மடக்குங்க டீச்சர். இன்னும். இன்னும்."

"வலிக்குதுட்டி."

"எனக்கும் அல்ஜிப்ரா வலிக்கத்தான் செஞ்சுது. மடக்குங்க." படுத்த படுக்கையிலேயே செய்கிற பயிற்சி எல்லாவற்றையும் டீச்சர் ஒழுங்காகச் செய்வார். எழுந்து நில்லுங்கள் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். மாசி மாதக் கடைசியில் சபீதா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "டாக்டர் சொன்னத அப்படியே சொல்லுதேன். சித்திரை பொறக்கதுக்குள்ள நீங்க நடக்க ஆரம்பிக்கணும். இல்லன்னா தொடைல சதை வத்திரும். அப்புறம் நடக்கணும்னு நெனச்சாலும் கால் கேக்காது."

அன்று முழுவதும் டீச்சருக்கு ஒரே வேலைதான். விட்டங்களை எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்று.

டீச்சரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். அவர் இருபத்தேழு வருஷம் டவுண் ஸ்டேஷனில் ரயிலேறி ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தவர். தண்டவாளத்தை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்தி வைத்த வருஷங்களில் பஸ்ஸில் போனார். ஆனால் அதைப் பயணம் என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. ரயிலில் பேட்டை தாண்டியதும் பரீட்சைத் தாள் கட்டைப் பிரிப்பார். அம்பாசமுத்திரத்தில் மூடி வைப்பார். எந்தப் பெட்டியில் டீச்சர் ஏறுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் வேறு பெட்டியில் ஏறுவார்கள்.

இரண்டாவது, அவர் தப்பே செய்யமாட்டார். அதாவது, செய்ததாக ஒப்புக்கொள்ளமாட்டார். கரும்பலகையில் கூட்டல் பிசகி, முன்பெஞ்சில் ஒருத்தி பயந்துகொண்டே எழுந்து "டீச்சர், அங்கன ஏழு வரணும்லா" என்றால், ஒரு கணம்கூடத் திகைக்காமல், "நீ கவனிக்கியான்னு பாத்தேன்" என்பார். மாற்றி எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடர்வார். இதை நம்பிய பிள்ளைகளும் உண்டு.

அம்மையப்பன் வேறு மாதிரி. நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் சர்வேயராகச் சங்கிலி பிடித்து வயலெல்லாம் நடந்தவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல் இருப்பார். அவர் தாமாகக் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "வடக்கு எது?" யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்கு முன்னால் அதைக் கேட்டாக வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் மண்டபத்துக்கு வழி போட்டிருந்தால் அதில் வடக்குக் குறி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிடும். பெண் பார்க்க வந்த அன்றும் டீச்சரின் அப்பாவிடம் அதைத்தான் கேட்டாராம். பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை என்று டீச்சருக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

சரி, பல்லிக்கு வருவோம். தினமும் சாயங்காலம் அடுக்களைப் பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு பல்லி பலகைத் தட்டில் ஏறி, தவலைக்குப் பின்னால் மறைந்து, சருவத்துக்கு அந்தப் பக்கம் வெளிப்பட்டு, கொஞ்சம் நின்று, பிறகு மேற்குச் சுவருக்கு ஓடும். அநேகமாக ஒரே நேரம். டீச்சர் அதற்கு 'பாசஞ்சர்' என்று பேர் வைத்தார். ஒருநாள் அது வரத் தாமதமானபோது, "இன்னைக்கு பாசஞ்சர் லேட்டு" என்று தாமாகவே சொல்லிக்கொண்டு, உடனே எழுந்து உட்காரப் பார்த்தார்.

"ஏங்க! சங்கரி குடுத்துட்டுப் போன ரயில் டப்பா எங்க இருக்கு?"

சங்கரி அவர்கள் மகள். ஜெர்மனியில் வேலையாக இருந்தபோது வாங்கின ரயில் பொம்மை. எஞ்சினும் நாலு பெட்டியும் மின்சாரத்தில் ஓடும். வீட்டில் வைக்க இடமில்லை என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே போட்டுவிட்டுப் போனாள். அம்மையப்பன் பீரோவின் அடியிலிருந்து எடுத்து வந்தார்.

"இத மேல ஓட்டணும்," என்றார் டீச்சர், விரலால் தட்டைச் சுட்டிக்காட்டி. "நாலு சுவரையும் சுத்தி. டவுண்லருந்து ஆழ்வார்குறிச்சி வரைக்கும்."

"பாத்திரம்?"

"எறக்கிருங்க."

முப்பத்தெட்டு வருஷமாக மற்றவர் கை படக்கூடாது என்று காத்த பாத்திரங்களை இறக்கச் சொல்கிறாள் என்றால் இது விளையாட்டில்லை என்று அம்மையப்பனுக்குப் புரிந்தது. போனை எடுத்து சாத்தான்குளத்து ஆசாரி ஹெப்ரானைக் கூப்பிட்டார்.

வரைபடம் டீச்சருடைய வேலை. பரீட்சை அட்டையில் கிராப் தாளைச் செருகி, மல்லாந்தபடியே முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு வரைந்தார். பேனா அப்படி எழுதாது, மை இறங்காது, பென்சில்தான். நாலு நாள் வரைந்தார். மூலையில் ரயில் திரும்ப எவ்வளவு வளைவு வேண்டும், பெட்டி உரசாமல் இருக்கப் பலகை எத்தனை அங்குலம், எல்லாம் கணக்குப் போட்டார். அடுக்களைச் சுவர் கட்டிலுக்கு வலப்பக்கம். அங்கேதான் ப்ளக் இருக்கிறது, ஆகவே அங்கே டவுண் ஸ்டேஷன். இடப்பக்கச் சுவரில் மலை. தலைமாட்டுச் சுவரில் கல்லிடைக்குறிச்சி தாண்டி வருகிற ஆற்றுப் பாலம். கால்மாட்டுச் சுவரில் ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷன். ரயில் ஒதுங்கி நிற்க இரண்டாவது தண்டவாளமும் வேண்டும் என்பதால் அங்கே மட்டும் பலகை ஓர் அடி அகலம்.

"பாலத்தக் காதால கேட்டாப் போதும், பாக்க வேண்டாம். தகரம் வச்சு அடிக்கச் சொல்லுங்க, தடதடன்னு கேக்கணும்," என்று அம்மையப்பனுக்கு விளக்கினார். "ஸ்டேஷன் மட்டும் என் கண்ணுக்கு நேரா இருக்கணும். படுத்தமானிக்கே ரயில் வந்து நிக்கத நான் பாக்கணும்."

அம்மையப்பன் தாளை வாங்கினார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒருமுறை திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். ஒருமுறை மூலையில் துண்டு காய்ந்துகொண்டிருந்த வாக்கரைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படத்தின் அழகில் மனுஷன் வாயடைத்துப் போய்விட்டார் என்று டீச்சர் சந்தோஷப்பட்டார்.

ஹெப்ரானுக்கு நாற்பது வயது இருக்கும். வேலையில் சுத்தம், பேச்சை மட்டும் நிறுத்தத் தெரியாது. "டீச்சரம்மா, நான் வேதக் கோயிலுக்கு ஆல்டர் பீடம் செஞ்சிருக்கேன், அல்வாக் கடைக்கு ஷோகேஸ் செஞ்சிருக்கேன், ரயிலுக்குப் பாதை போடுதது இதான் மொத தடவ. நீங்க கவலையே படாதிய. குருத்தோல ஞாயித்துக்கு நான் ஊர்ல நிக்கணும், அதுக்குள்ள முடிச்சிருதேன்" என்றான். சுவரில் துளை போடும் தூசி ஆகாது என்று டீச்சரைக் கட்டிலோடு உள்ளறைக்கு மாற்றினார்கள். ஏழு நாள் அவர் உள்ளறையில் கிடந்து, ஹாலில் கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் உத்தரவு போட்டார்.

அந்த ஏழு நாளும் வீடு கல்யாண வீடு போல இருந்தது. ஜெர்மனிப் பெட்டிகள் சிவப்பாக இருந்தன. "ஆழ்வார்குறிச்சிக்கு என்னைக்குச் சிவப்பு ரயில் வந்துது?" என்று டீச்சர் கேட்டதால், அம்மையப்பன் ஒரு குட்டி டப்பா நீல பெயின்ட் வாங்கிவந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக அடித்தார். இறக்கிய பாத்திரங்களில் பெரிய சருவத்தையும் தவலையையும் மேற்குச் சுவர்த் தட்டில் கவிழ்த்து வைத்து, மேலே பச்சைத் துணியும் தவிட்டு நிறத் துணியும் போர்த்தி மலையாக்கினான் ஹெப்ரான். அது டீச்சரின் யோசனை. சீர்ப் பாத்திரம் பொதிகை மலையானதைக் கேள்விப்பட்டு மகள் சங்கரி போனில் சிரித்த சிரிப்பு உள்ளறைவரை கேட்டது. இதற்கிடையில் அம்மையப்பன் மட்டும் தீக்குச்சியும் பசையும் துணித் துண்டும் வைத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். என்ன என்று கேட்டால், "சும்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் திறப்பு விழா. கட்டிலை ஹாலில் பழைய இடத்தில் பழையபடியே போட்டார்கள்: தலை தெற்கே, கால் வடக்கே. தட்டின் விளிம்பு முழுவதும் தினசரித் தாளைத் தொங்கவிட்டு மறைத்திருந்தது. சபீதாவும் வந்துவிட்டாள். எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம் என்றால் பழம் எஞ்சினைவிடப் பெரிதாக இருந்தது. கொல்லையிலிருந்து ஒரு மணத்தக்காளிப் பழம் பறித்து வந்து வைத்தார்கள். அதையும் ஏறமாட்டேன் என்று எஞ்சின் முனகிக்கொண்டு நின்றது. ஹெப்ரான் ஏணியிலிருந்து சுண்டுவிரலால் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினான். பழம் நசுங்கியது, ரயில் கிளம்பியது. ஹெப்ரான் தாள்களை இழுத்து உருவினான்.

அடுக்களைச் சுவரில் புறப்பட்ட ரயில் தலைமாட்டுப் பக்கம் போகாமல் கால்மாட்டுப் பக்கம் திரும்பியது. வயரை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று டீச்சர் சத்தம் போட வாயெடுத்தார். அதற்குள் எதிர்ச் சுவரில், அவர் கண்ணுக்கு நேரே, பாலம் தடதடவென்று அதிர்ந்தது.

பாலம் எப்படி அங்கே?

"ஏ ஹெப்ரான், ஆழ்வார்குறிச்சி எங்க?"

"ஒங்க தலமாட்டுலதான் இருக்கு டீச்சரம்மா. நீங்க போட்டபடிதான்." ஹெப்ரான் பையிலிருந்து வரைபடத்தை எடுத்துத் தரையில் விரித்தான். "இந்தா பாருங்க, அடுக்கள. இந்தா பாலம். இந்தா ஸ்டேஷன்."

டீச்சருக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. தரையில் வைத்து வரைந்த படத்தைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். தலைக்கு மேல் பிடித்து வரைந்ததைத் தலைக்கு மேல் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ஹெப்ரான் தரையில் விரித்து, அடுக்களையை அடுக்களைக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டான், அவன்மேல் தப்பில்லை. அதில் அடுக்களைச் சுவரும் மலைச் சுவரும் சரியாக வந்துவிட்டன. மற்ற இரண்டு சுவரும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டன. கண்ணாடிப் பிம்பம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்தால் அட்டையாலேயே தலையில் ஒரு தட்டுத் தட்டியிருப்பார். முகம் சூடாகிவிட்டது.

"கட்டிலத் திருப்பிப் போட்டுருவமா?" என்று ஹெப்ரான் கேட்டான்.

"தல வடக்க வரும்," என்றார் அம்மையப்பன். அதற்கு மேல் பேச்சில்லை. அந்த வீட்டில் வடக்கே தலை வைத்துப் படுத்தவர்கள் எல்லாம் மாலையோடு வெளியே போனவர்கள். குறுக்கே போட்டால் அடுக்களைக்குப் போக வழியடைத்துவிடும்.

"பலகைய மாத்துததுன்னா ரெண்டு சுவரயும் உருவணும். ஈஸ்டர் கழிச்சு வந்து செஞ்சு தாரேன். இல்ல, இப்ப வேணும்னா டீச்சரம்மாவ நாக்காலியோட அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போய்க் காட்டிருதேன்."

"நான் என்ன சப்பரமாலே, தூக்கிட்டுப் போய்க் காட்டுததுக்கு?" என்றார் டீச்சர். எல்லோரும் தம்மையே பார்க்கிறார்கள். அதிலும் நாற்பத்தொன்று வாங்கின சபீதா பார்க்கிறாள். அவள் உதட்டோரம் துடிக்கிறது. டீச்சருடைய வாய் முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் தானாகத் திறந்தது. "ஒண்ணும் மாத்த வேண்டாம். தெரிஞ்சுதான் அப்படிப் போட்டேன்."

"தெரிஞ்சா?" என்றாள் சபீதா. "படுத்துட்டே பாக்கணும்னு சொன்னதா சார் சொன்னாங்களே. தலமாட்டுல இருந்தா எப்படிப் பாப்பீங்க?"

"எந்திச்சு நடந்து போய்ப் பாக்கத்தான். பின்ன என்னத்துக்கு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. ஹெப்ரான், "ஆஹா, டீச்சரம்மா புத்தியே புத்தி" என்று உண்மையாகவே வியந்தான். அம்மையப்பன் மூலைக்குப் போய், வாக்கர்மேல் கிடந்த துண்டை எடுத்து உதறி, அழகாக மடித்து வைத்தார்.

"அப்ப வாங்க டீச்சர், போலாம்," என்று சபீதா கையை நீட்டினாள்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை. "ராகு காலம் ஆரம்பிச்சாச்சு," என்றார் நிம்மதியாக. "செவ்வாக் கெழம பாப்போம்."

ஹெப்ரான் ஊருக்குப் போனான். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அம்மையப்பன் காலையும் மாலையும் ரயிலை ஓட்டினார். அது கால்மாட்டுப் பாலத்தில் தடதடத்து, சருவ மலையோரமாகப் போய், தலைமாட்டுக்குப் பின்னால் மறையும். பிறகு சத்தம் நின்றுவிடும். ஆழ்வார்குறிச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். தலையைப் பின்னுக்குச் சாய்த்தாலும் பலகையின் அடிப்பாகம்தான் தெரிந்தது. இருபத்தேழு வருஷம் தினமும் இறங்கின ஸ்டேஷன் தலைக்கு மேலே இருக்கிறது, பார்க்க முடியவில்லை. டீச்சருக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஒரு பொம்மைக்காக அழுவதா என்று கோபமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சீப்புப் பெட்டியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். பெயர்ப் பலகை தெரிந்தது. எழுத்தெல்லாம் இடவலமாகத் திரும்பியிருந்தது. கண்ணாடிப் பிம்பத்தால் வந்த வினையைக் கண்ணாடியாலேயே தீர்க்கப் பார்ப்பதில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. கண்ணாடியை இறக்கப் போனபோது பிளாட்பாரத்தில் பச்சையாகப் புள்ளி போல் ஏதோ தெரிந்தது. கண்ணாடி ஆடியதில் என்னவென்று பிடிபடவில்லை.

"ஏங்க, அங்கன பச்சையா என்னது?"

"போய்ப் பாரு," என்றார் அம்மையப்பன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு சபீதா வந்தாள். "பத்தரை வரைக்கும் எமகண்டம்," என்றார் டீச்சர். "இருக்கட்டும் டீச்சர், நான் உக்காந்திருக்கேன்," என்று சபீதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மையப்பன் மூவருக்கும் காபி போட்டார். பத்தரை ஆயிற்று. பஞ்சாங்கத்தில் அதற்கு மேல் ஒளிந்துகொள்ள இடமில்லை.

டீச்சர் கால்களைத் தொங்கப் போட்டு, வாக்கரைப் பிடித்து எழுந்தார். நின்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வந்த அதே நடுக்கம் முழங்காலில் வந்தது. "சபீதா," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "எனக்குப் பயமா இருக்குட்டி." அதைச் சொல்ல அவருக்கு இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

"தெரியும் டீச்சர்," என்றாள் சபீதா. இந்த முறை சிரிக்கவில்லை. "நான் இந்தப் பக்கம் நிக்கேன். சார் அந்தப் பக்கம். கீழ பாக்காதீங்க. பைய வாங்க."

கீழே பார்க்காவிட்டால் மேலேதானே பார்க்க வேண்டும். டீச்சர் விட்டத்தைப் பார்த்தார். கட்டிலுக்கு மேலே மூன்று விட்டம் போக, எதிர்ச் சுவர்வரை எட்டு. இரண்டு மாதமாக எண்ணி எண்ணி ஒவ்வொன்றின் வெடிப்பும் கணுவும் அவருக்குத் தெரியும். வாக்கரை நகர்த்தி, ஓர் எட்டு. இன்னோர் எட்டு. நாலாவது விட்டம் தலைக்கு மேல் வந்தது, பின்னால் போனது. ஐந்தாவது. ஆறாவதில் நின்று மூச்சு வாங்கினார். வியர்வை கழுத்தில் இறங்கியது. யாரும் "போதும்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார். ஏழு. எட்டு. முழங்கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தரை இருந்த இடத்திலேயே இருந்தது. பத்தாவது விட்டத்தின் கீழ் வந்ததும், "இப்பத் திரும்புங்க," என்றாள் சபீதா.

கால் காலாக வைத்துத் திரும்பினார்.

தெற்குச் சுவரின் உச்சியில், கட்டிலுக்கு மேலே, ஆழ்வார்குறிச்சி இருந்தது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, இடம் வலம் மாறாமல் நேராக. ஓட்டுக் கூரை, சிமென்ட் பெஞ்சு, ஒரு வேப்பமரம். பிளாட்பாரத்தின் விளிம்பில் அந்தப் பச்சைப் புள்ளி நின்றது. தீக்குச்சியில் செய்த ஒரு பெண். பச்சைச் சேலை, அது டீச்சருடைய பழைய நூல் புடவையின் கிழிசல் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஒரு கையில் குடை. இன்னொரு கையில் வெள்ளையாக ஒரு கட்டு. பரீட்சைத் தாள்.

அம்மையப்பன் சுவிட்சைப் போட்டார். நீல ரயில் பாலத்தில் தடதடத்து, மலையைக் கடந்து, மெல்ல வந்து பிளாட்பாரத்தில் நின்றது. மூன்றாவது பெட்டி பச்சைச் சேலைக்காரிக்கு நேரே நின்றது. டீச்சர் எப்போதும் ஏறுவது மூன்றாவது பெட்டிதான்.

கண்ணைத் துடைக்க வேண்டும். வாக்கரிலிருந்து கையை எடுக்க முடியாது. அப்படியே நின்றார். முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவர் வடக்குச் சுவர் என்று அப்போதுதான் நினைவு வந்தது. வடக்கு. வரைபடத்தில் எங்கும் வடக்குக் குறி போடவில்லையே. கல்யாணப் பத்திரிகையில்கூட விடாத மனுஷன், அன்றைக்கு ஜன்னலோரம் நின்று அவ்வளவு நேரம் படத்தைப் பார்த்தாரே. ஸ்டேஷன் கண்ணுக்கு நேரே வேண்டும் என்றும் அவரிடம்தானே சொன்னோம்.

டீச்சர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"ஏங்க. பொண்ணு பாக்க வந்த எடத்துல கேட்டிய. போற எடமெல்லாம் கேக்கிய. எம் படத்தப் பாத்தா மட்டும் வடக்கு எதுன்னு ஏன் கேக்கல?"

அம்மையப்பன் ரயிலைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நீ கவனிக்கியான்னு பாத்தேன்," என்றார்.

சபீதாதான் முதலில் சிரித்தாள். பிறகு டீச்சர் சிரித்தார். தோள் குலுங்கி, வாக்கர் தரையில் கடகடவென்று ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். சபீதா பயந்துபோய் இடுப்பைப் பிடிக்க வந்தாள்.

"விடுட்டி," என்றார் வடிவம்மாள் டீச்சர். "நான் நிக்கேன்."